கொள்ளையனுக்கு முகம் உண்டு, நகை வைத்தவளுக்கு?

2025 மார்ச் மாதக் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து கிலோக் கணக்கில் தங்கத்தை வெளியே எடுத்தார்கள். கர்நாடகத்தில், தாவணகெரே மாவட்டம் நியாமதியில் இருக்கும் ஸ்டேட் வங்கிக் கிளையிலிருந்து 2024 அக்டோபரில் களவு போன 17 கிலோ நகையின் பெரும்பகுதி அது. ஜன்னல் கம்பியை அகற்றி உள்ளே நுழைந்து, கேஸ் கட்டரால் லாக்கரை அறுத்து, மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டு, கேமரா பதிவுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். உசிலம்பட்டி எங்கள் பேரையூருக்குப் பக்கத்து ஊர். டீக்கடையில் இரண்டு நாளைக்கு இதே பேச்சுதான். "படத்துல வர்ற மாதிரியே பண்ணிருக்காய்ங்க" என்றார்கள்.

காவல்துறை சொன்னதில் இரண்டு விஷயங்கள் என்னை விட்டு அகலவில்லை. 'மணி ஹைஸ்ட்' தொடரையும் யூடியூப் காணொளிகளையும் பார்த்துத் திட்டம் போட்டார்கள் என்பது ஒன்று. வங்கியில் கேட்ட கடன் கிடைக்காத கோபத்தில்தான் அந்த எண்ணமே பிறந்தது என்பது மற்றொன்று. வங்கி மேல் கோபம், சரி. ஆனால் அள்ளிக்கொண்டு போன தங்கம் வங்கியுடையதா? அந்த ஊர்க்காரர்கள் அடகு வைத்த நகை அது. எங்கள் டீக்கடைப் பேச்சிலும் நகைக்காரர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டம் எப்படி, கிணறு எங்கே, போலீஸ் எப்படிப் பிடித்தது என்றே பேச்சு ஓடியது. வங்கிக்கொள்ளைப் படங்கள் நம்மைப் பழக்கியிருப்பது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அந்த வகைப் படங்களில் உச்சம் என்று நான் நம்பும் ஒன்றை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

சிட்னி லூமெட் இயக்கி 1975இல் வந்த 'டாக் டே ஆஃப்டர்நூன்'. 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி வங்கி ஒன்றில் உண்மையாகவே நடந்த கொள்ளை முயற்சி. அதைப் பற்றி 'லைஃப்' இதழில் வந்த கட்டுரையிலிருந்து பிறந்த படம். அல் பசீனோ நடித்த சன்னியும் ஜான் கசால் நடித்த சாலும் இன்னொருவனும் துப்பாக்கியோடு நுழைகிறார்கள். மூன்றாமவன் பயந்துபோய் அப்போதே கிளம்பிவிடுகிறான். பணம் அன்றைக்கே வேறிடம் போய்விட்டதால் பெட்டகத்தில் மிச்சம் 1,100 டாலர்தான். பதிவேட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் கொளுத்தியதில் புகை வெளியே தெரிந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை, போலீஸ் சூழ்ந்து, தெருவெல்லாம் கூட்டம் கூடி, நள்ளிரவு தாண்டி விமான நிலையம் வரை இழுக்கிறது.

தலைப்பில் வரும் 'டாக் டே' அந்த ஊர் ஆகஸ்ட் வெயிலைக் குறிக்கிறது. நம் கத்திரி வெயில் போல. படம் முழுக்க வேர்க்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. எடுத்தது என்னவோ குளிர் தொடங்கிய மாதங்களில். வாயிலிருந்து ஆவி தெரியக் கூடாது என்று நடிகர்கள் பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நடித்தார்கள். தொடக்கத்தில் வரும் எல்டன் ஜான் பாட்டைத் தவிரப் பின்னணி இசையே கிடையாது. கொள்ளையனை நாயகனாக உயர்த்திக் காட்ட ஒரு தாளம்கூட இல்லை. நம் படங்களில் நாயகன் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்பே இசை எழுந்து அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிடுகிறது. லூமெட் அந்த ஒன்றை மறுத்ததிலேயே பாதி வெற்றி இருக்கிறது.

மீதிப் பாதி, வங்கிக்குள் இருப்பவர்களை அவர் நடத்திய விதம். காவலாளிக்கு ஆஸ்துமா, மேலாளருக்குச் சர்க்கரை நோய். காசாளர் பெண்கள் பயப்படுகிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அவனோடு பேசவும் தொடங்குகிறார்கள். தலைமைக் காசாளர் சில்வியா ஒருமுறை வாசல்வரை வருகிறார், அப்படியே தப்பிவிடலாம். போலீஸும் இழுக்கிறது. கூட வேலை செய்யும் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று திரும்பப் போய்விடுகிறார். பெனலபி ஆலன் நடித்த அந்தச் சில நொடிகளுக்காகவே இந்தப் படத்தை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்.

சன்னிக்குப் பணம் எதற்கு என்பதைப் பாதிப் படம் போன பிறகுதான் சொல்கிறார்கள். தான் மணந்துகொண்ட லியோனின் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்காக. கிறிஸ் சரண்டன் அந்தப் பாத்திரத்தைச் சிறிதும் கேலியாக்காமல் நடித்திருக்கிறார். இருவரும் தொலைபேசியில் பேசும் நீண்ட காட்சியில் சண்டை, களைப்பு, அக்கறை எல்லாம் இருக்கின்றன. பார்ப்பவர் சிரிக்க இடமே தரவில்லை. பாலின மாற்றத்தை நகைச்சுவைக்கென்றே வைத்திருந்த நம் திரையுலகத்துக்கு 1975இலேயே இப்படி ஒரு காட்சி எழுதப்பட்டது என்பது உறைக்க வேண்டும்.

சன்னி வாசலில் நின்று "ஆட்டிகா!" என்று கத்துகிறான், கூட்டம் அவன் பக்கம் சாய்கிறது. 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறையில் எழுந்த கலகத்தில் 43 பேர் மாண்டார்கள். பெரும்பாலானவர்கள் அரசுப் படையின் துப்பாக்கிக்கு. இந்தக் காட்சியை விளக்க எங்கள் பகுதியில் அகராதி வேண்டாம். சேடப்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். ஒரு சமூகத்தையே பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்த சட்டம் அது. ஆகவே, போலீஸ் துப்பாக்கி தூக்கும்போது ஜனம் ஏன் எதிர்ப்பக்கம் நிற்கிறது என்பது இங்கே தாத்தா, பாட்டி சொல்லித் தெரிந்த விஷயம். படத்தில் வரும் அதிகாரி மொரெட்டி, தன் ஆட்களின் துப்பாக்கிகளைக் கீழே இறக்கச் சொல்லிக் கத்திக் கத்தியே தொண்டை வற்றிப்போகிறார். நம் மாநிலத்திலோ, 2012 பிப்ரவரி 23 அதிகாலை, பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிகளில் கொள்ளையடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஐந்து இளைஞர்கள் சென்னை வேளச்சேரியில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் தரப்பை நீதிமன்றத்தில் சொல்ல அவர்கள் உயிரோடு இல்லை. அந்த இரவைப் பற்றி லூமெட் அளவுக்கு நிதானமாக ஒரு தமிழ்ப் படம் வந்திருக்க வேண்டும்.

குறையும் உண்டு. உண்மைக் கொள்ளையர் சிறையிலிருந்தபடியே, படத்தில் முப்பது சதவீதம்தான் உண்மை என்று எழுதினார். தன் முதல் மனைவியைக் காட்டிய விதம் அநியாயம் என்பது அவருடைய புகார்களில் ஒன்று. அது நியாயமான புகார். கணவன் வீட்டை விட்டுப் போனதற்கு மனைவியின் ஓயாத பேச்சுதான் காரணம் என்று தோன்றும்படி அந்தக் காட்சிகள் அமைந்திருக்கின்றன. சன்னியிடமும் லியோனிடமும் இவ்வளவு பரிவு காட்டிய படம் அவளிடம் வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறது. சாலாக நடித்த கசாலுக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அந்தப் பாத்திரத்தின் அசல், உண்மைக் கொள்ளையின் முடிவில் சுட்டுக் கொல்லப்பட்டவன், பதினெட்டு வயதுப் பையன். கசாலின் நடிப்பு அபாரம்தான், ஆனாலும் ஒரு சிறுவனின் சாவு தரும் அதிர்ச்சியைப் படம் இழந்துவிட்டது. பெட்டகம் கிட்டத்தட்டக் காலி என்று ஆக்கியதில் இன்னொரு வசதி: யாருடைய பணம் போகிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

அந்தக் கேள்வியை நம் படங்களும் கேட்பதில்லை. 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' முதல் நல்ல கொள்ளையன் நமக்கு வேண்டியவன். 1993இன் 'ஜென்டில்மேன்' இலவசக் கல்லூரி கட்டக் கொள்ளையடித்தான். 2010இல் வந்த 'நாணயம்' தான் வடிவமைத்த பெட்டகத்தையே உடைக்க நிர்ப்பந்திக்கப்படுபவனின் கதை, சாமர்த்தியத்தோடு நின்றுவிட்டது. 2023 பொங்கலுக்கு வந்த எச். வினோத்தின் 'துணிவு' இவற்றைவிடத் துணிச்சலானது. மியூச்சுவல் ஃபண்ட் என்ற பெயரில் எளியவர்களின் சேமிப்பை ஒரு வங்கி விழுங்குவதை நேராகச் சொன்னது. அதற்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பணயக்கைதிகளாக உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரின் முகம் படம் முடிந்து வெளியே வந்தபோது நினைவில் இருந்தது? அஜித்குமாரின் சிரிப்புதான் இருந்தது. ஏமாந்தவர்களுக்காகப் பேசும் படத்தில் ஏமாந்தவர்கள் கொஞ்ச நேரமே வருகிறார்கள்.

பேரையூர் வங்கியில் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மழையை நம்பி விதைக்கும் ஊர் இது. விதைக்கு, உரத்துக்கு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு என்று நகைக்கடனுக்கு வரும் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்ததை மதிப்பீட்டாளர் கல்லில் உரசும்போது அவர்கள் வேறெங்கும் பார்ப்பதில்லை. என் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி எங்கள் வீட்டில் இருந்ததைவிட வங்கியில் இருந்த காலம் அதிகம். திருப்பிக் கொண்டுவந்த அன்று அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சாமி படத்தின் முன் வைத்த பிறகுதான் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

அடுத்த வங்கிக்கொள்ளைப் படத்தை எழுதப்போகும் தமிழ் இயக்குநருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பெட்டகம் உடையும் காட்சியை எழுதும் முன், அதற்குள் இருக்கும் ஒரு நகைப் பொட்டலத்தின் மேல் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அடகுச் சீட்டோடு வங்கி வாசலுக்கு ஓடிவரும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு காட்சி கொடுங்கள்.