மண்டபத்தில் வாங்கப்படும் ஊர்

இலண்டனில் எம்மவரின் சாமத்தியவீடு பெரும்பாலும் வீட்டில் நடப்பதில்லை; மண்டபத்தில் நடக்கிறது. பல்லக்கு, மேடை அலங்காரம், பலதடவை உடைமாற்றும் சிறுமி, அவளை விடாமல் தொடரும் வீடியோக் கமெரா. இதனை ஆடம்பரம் என்று கண்டிக்கும் நாமே அழைப்பிதழ் வந்ததும் முன்வரிசையில் போய் அமர்கிறோம். ஆகவே இது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

யாழ்ப்பாணத்தில் உடுப்பதும் பூணுவதும் ஒருபோதும் தனியாளின் விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலுடம்பை மூடவும் தங்கத்தோடு போடவும் மேளம் அடிப்பிக்கவும் தடுக்கப்பட்டனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்க 1957இல் சட்டம் வந்தபின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராடவேண்டியிருந்தது.

1983க்குப் பின் இங்கு வந்தோர் ஈஸ்ற்ஹாமிலோ வெம்பிளியிலோ பணம் கொடுத்தால் எதையும் வாங்கலாம். இது விடுதலைதான், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் 'இதை அணியாதே' என்ற விதி போன இடத்தில் 'இதைச் செய்யாமல் விடாதே' என்ற விதி வந்து குந்திக்கொண்டது. ஊரில் ஒருவர் யாரென்பதைக் காணியும் கிணறும் சாதியும் சொல்லின. இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்பவரை யாருக்குத் தெரியும்? மண்டபந்தான் அவரை அறிமுகஞ்செய்கிறது.

பகட்டுக்கான நுகர்வு பற்றி 1899இல் எழுதிய வெப்லன், உழைக்காது வாழும் செல்வரை மனதில் வைத்தே எழுதினார். எம்மவரோ ஓய்வறியாதவர். இவர்களைப் பிடித்துவைத்திருப்பது பகட்டு மட்டுமல்ல, அன்பளிப்பு உறையுந்தான். யார் எவ்வளவு தந்தார் என்று கொப்பியில் எழுதப்படுகிறது. அதற்குக் குறையாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். பத்து வருடம் கொடுத்தவர் தன்வீட்டில் கொண்டாட்டம் வேண்டாமென்றால், கொடுத்தது திரும்பாது, வரவும் அற்றுப்போகும். மண்டபச் செலவுக்குச் சீட்டைத் தொடக்கத்திலேயே பெருங்கழிவு கூறி எடுப்பவர், அந்தக் கழிவை மாதாமாதம் மேலதிக வேலைநேரத்தால் அடைக்கிறார். மறுப்பதற்கும் ஒரு விலை உண்டென்பதைக் கண்டனக்காரர் காண்பதில்லை.

இந்தக் கணக்கில் பேர் இல்லாதவள் அந்தச் சிறுமி. அவளுடைய உடம்பின் அந்தரங்கச் செய்தி நானூறுபேருக்கு அச்சிட்டு அனுப்பப்படுகிறது. உறைகளைக் கூட்டிப் பார்க்கும் நாம், மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அவள் 'வேண்டாம்' என்றால், ஊர் என்ன சொல்லும் என்பதைத் தாங்கிக்கொள்ளவேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.