உப்புக்காற்றுக் கரையில் பெயிண்ட்பால் சிலிண்டர்

பெயிண்ட்பால் மார்க்கர், சுமார் 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாய உருண்டையை வாயுவின் அழுத்தத்தால் வீசுகிறது. 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் ஆட்டம் நடந்தபோது அந்த வாயு, 12 கிராம் குப்பியில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் காற்றுச் சிலிண்டர் பிடித்துவிட்டது. சிலிண்டரின் தலையிலுள்ள ரெகுலேட்டர்தான் மார்க்கருக்குப் போகும் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அந்த அளவை விரும்பியபடி கூட்டிக் குறைக்க வழி செய்யும் ரெகுலேட்டர் கொண்ட சிலிண்டரை வாங்குவது எந்த அளவுக்குத் தகும்? செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியின் வெயிலையும் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ளாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கார்பன் டை ஆக்சைடு இந்தக் கரைக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். குப்பிக்குள் அது திரவமும் வாயுவுமாக இருக்கும்வரை வெப்பநிலையே அழுத்தத்தை முடிவு செய்யும். 20 டிகிரி செல்சியஸில் 57 பார். 31 டிகிரியில் ஏறத்தாழ 74 பார். அதற்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. மாமல்லபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் அந்த 31 டிகிரி எல்லையிலோ அதைத் தாண்டியோதான் இருக்கும். சித்திரை வெயிலில் சவுக்குத் தோப்பின் நிழலில் இருக்கும் மார்க்கர் ஒரு வேகத்தில் சுடும், வெட்டவெளியில் கிடந்தது இன்னொரு வேகத்தில் சுடும். காற்றுக்கு இந்தக் குணம் இல்லை. வெப்பநிலை 30-லிருந்து 60 டிகிரிக்குப் போனாலும் சிலிண்டருக்குள் அழுத்தம் பத்து விழுக்காடுதான் கூடும். அந்தக் கூடுதலையும் ரெகுலேட்டர் தடுத்துவிடும்.

ரெகுலேட்டரின் உள்ளமைப்பு எளிமையானது. கிண்ணம்போல் வளைந்த வாஷர்களை அடுக்கிய ஸ்பிரிங் ஒருபக்கம் பிஸ்டனைத் தள்ளும். வெளியேறும் காற்றின் அழுத்தம் எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் சமமாகும்போது வால்வு மூடிக்கொள்ளும். முன்னமைத்த வகையில் இந்தச் சமநிலை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது: வழக்கமான அளவு 800 பி.எஸ்.ஐ., அதாவது 55 பார், தாழ்வகை 450 பி.எஸ்.ஐ. மாற்ற வேண்டுமானால் காற்றை முழுக்க வெளியேற்றி, ரெகுலேட்டரைப் பிரித்து வாஷர்களை மாற்ற வேண்டும். மாற்றத்தக்க வகையில் வெளியிலிருந்தே திருகை முடுக்கி ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம்.

இதன் பயன் உண்மையானது. மின்னணு மார்க்கர்கள் பல 10 முதல் 14 பார் அழுத்தத்தில் இயங்குபவை. அவற்றுக்குள் இன்னொரு ரெகுலேட்டர் உண்டு. 55 பாரிலிருந்து 12 பாருக்கு இறக்குவதைவிட 30 பாரிலிருந்து இறக்குவது அந்த உள் ரெகுலேட்டருக்குச் சுமை குறைவு, ஓ-ரிங்குகளும் நீடிக்கும். பழைய மார்க்கர் ஒன்றும் புதியது ஒன்றும் வைத்திருப்பவர் ஒரே சிலிண்டரை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அளவுக்கு மீறி இறக்கினால் விரைந்து சுடும்போது காற்று போதாமல் உருண்டைகள் முன்னாலேயே விழும். அப்போது குற்றம் மார்க்கரில் இருப்பதாகத் தோன்றும். வீணாக அதைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

பெரிய குறை இதிலில்லை, திருகு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. உலகெங்கும் வாடகைத் திடல்களில் புழங்கும் டிப்மன் 98 போன்ற இயந்திர மார்க்கர்களில் உள் ரெகுலேட்டர் கிடையாது. சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தமே நேராக வேகமாக மாறும். திடலின் வாசலில் வேகமானியில் விநாடிக்கு 280 அடி என்று சோதித்து அனுப்பிய மார்க்கரை, உள்ளே போய்த் திருகை முடுக்கி 320 ஆக்கிவிட முடியும். வேகம் ஏழில் ஒரு பங்கு ஏறினால் தாக்கும் ஆற்றல் முப்பது விழுக்காடு ஏறுகிறது. விநாடிக்கு 300 அடி என்ற வழக்கமான உச்சவரம்பு முகக்கவசத்தையும் தோலையும் எண்ணி வைத்த வரம்பு. சிறுசேரி, மறைமலை நகர், மகேந்திரா வேர்ல்டு சிட்டி நிறுவனங்களிலிருந்து குழுவாக வந்து முதன்முறை மார்க்கரைப் பிடிக்கும் ஊழியர்கள் ஆடும் திடலில் மாற்றத்தக்க சிலிண்டரைக் கொடுப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. சொந்தமாக வைத்திருப்பவரும் கையால் திருகும் வகையைத் தவிர்த்து, அல்லன் சாவி இல்லாமல் அசையாத வகையையே தேர வேண்டும்.

அழுத்தத்தைக் குறைக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. திருகைத் தளர்த்தினாலும், ஏற்கெனவே வால்வைக் கடந்த காற்று மார்க்கரிலேயே தங்கியிருக்கும். இரண்டு மூன்று முறை வெறுமையாகச் சுட்ட பிறகுதான் அழுத்தமானி உண்மையைக் காட்டும். இது தெரியாமல் திருகிக்கொண்டே போகிறவர்கள் அதிகம்.

கடலோரக் காற்று இந்த வகையை மேலும் சோதிக்கிறது. நகரும் பகுதி ஒன்று கூடும்போது, உப்பும் நுண்மணலும் புக ஓர் இடம் கூடுகிறது. திருகின் மரை அரித்து இறுகிவிட்டால் மாற்றத்தக்க வகை என்ற பெயர் மட்டும் மிஞ்சும். பாலியுரித்தேன் ஓ-ரிங்குகளில் சில வகை, வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் மென்மையாகிச் சிதையும். உதிரி ஓ-ரிங்குகளும் வால்வு இருக்கையும் எளிதில் கிடைக்கும் ரெகுலேட்டர்தான் இங்கே நல்ல ரெகுலேட்டர். பெயர் பெற்றதா என்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது கொள்ளளவு. 3000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார் தாங்கும் அலுமினியச் சிலிண்டர், 4500 பி.எஸ்.ஐ., அதாவது 310 பார் தாங்கும் கார்பன் இழைச் சிலிண்டர்: சந்தையில் முதன்மையானவை இவை இரண்டே. பின்னது எடை குறைவு, காற்று அதிகம், விலையும் அதிகம். ஆனால் நிரப்புவது எங்கே? இந்தக் கரையில் உயர் அழுத்தக் காற்று முக்குளிப்போரின் பொருள். 2002-இல் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே தேசிய கடலியல் நிறுவனம் நீரடி ஆய்வு நடத்தியதிலிருந்து இன்றைய பொழுதுபோக்கு முக்குளிப்பு வரை அது தொடர்கிறது. முக்குளிப்புச் சிலிண்டரின் வழக்கமான நிரப்பு அளவோ ஏறத்தாழ 200 பார். அதிலிருந்து நிரப்பினால் 310 பார் சிலிண்டரில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏறாது. திடலில் 300 பார் கம்ப்ரசர் இருந்தாலன்றி, விலைகூடிய சிலிண்டருக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண். கம்ப்ரசரில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி ஒழுங்காக இல்லாவிட்டால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும்.

சட்டமும் அளவைப் பார்க்கிறது. இந்தியாவின் 2016 வாயு சிலிண்டர் விதிகள் 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனையே சிலிண்டர் என்கின்றன. ஆட்டக்காரர்கள் 48/3000 என்று குறிப்பிடும் 48 கன அங்குலச் சிலிண்டர் 787 மில்லிலிட்டர். அது விதிக்குள் வருகிறது. 13 கன அங்குலச் சிறு சிலிண்டர் 213 மில்லிலிட்டர்தான். பெரியதை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவருபவர், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) ஒப்புதல் அந்த வகைக்கு உண்டா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய சிலிண்டரை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உடலில் பொறித்த நீரழுத்தச் சோதனைத் தேதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை வேண்டும், கார்பன் இழை வகைக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள் என்பது பொது வழக்கு. அடுத்து, வெளியேறும் அழுத்தத்தைக் காட்டும் மானியைப் பொருத்திப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். முள் மெல்ல மேலே ஏறினால் வால்வு இருக்கை தேய்ந்திருக்கிறது. திருகை எவ்வளவு நுட்பமாகத் திருப்பினாலும் அந்த ரெகுலேட்டர் சொன்ன அழுத்தத்தில் நிற்காது. நிரப்பும் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது: உயர் அழுத்தக் காற்று வேகமாகப் பாயும்போது எழும் வெப்பத்தில் அந்த எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.