ஹாரி டீன் ஸ்டான்டன்

ஹாரி டீன் ஸ்டான்டன் (1926–2017) கென்டக்கியில் பிறந்த அமெரிக்கக் குணச்சித்திர நடிகர். 'கன்ஸ்மோக்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலும், பின்னர் திரைப்படங்களிலும் சிறு வேடங்களே அவருக்குக் கிடைத்துவந்தன. 'ஏலியன்' (1979) படத்தில் பூனையைத் தேடிப் போய்ப் பலியாகும் பிரெட் அவற்றுள் ஒன்று.

விம் வெண்டர்ஸ் இயக்கிய 'பாரிஸ், டெக்சாஸ்' (1984) படத்தில் கதைநாயகனானபோது அவருக்கு வயது 57. பாலைவனத்திலிருந்து நடந்து வரும் டிராவிஸ் நெடுநேரம் வாய் திறப்பதில்லை. நடையும் பார்வையுமே பேசுகின்றன. பிற்பாடு, கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் மனைவிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, தன் குற்றத்தை வேறு யாருடைய கதையோ போல, குரலை உயர்த்தாமல் தொலைபேசியில் சொல்கிறான். அவரது நடிப்பின் உச்சம் இதுவே.

அப்படம் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற பிறகும் ஹாலிவுட் அவரைப் பெரும்பாலும் துணை வேடங்களுக்கே அழைத்தது. நட்டம் ஹாலிவுட்டுக்குத்தான். மரணத்தை எதிர்நோக்கும் 90 வயது முதியவராக அவர் நடித்த 'லக்கி', அவர் மறைந்த இரண்டு வாரங்களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.