விலையை எங்கே சொல்கிறோம்?

யாழ்ப்பாணத்துப் புடவைக்கடை ஒன்றின் இணையத்தளத்தையும் மதுரை ஜவுளிக்கடை ஒன்றின் தளத்தையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் படங்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. சேலையைத் தெரிவு செய்த பிறகுதான் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. வாங்க வந்தவர் நிற்பதும் போவதும் அந்த இடத்தில்தான். ஆனால் தளத்தைத் திருத்தப் புறப்படும் முதலாளிகள் பலர் முகப்புப் படத்தை மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்தியத் தளங்கள் பலவற்றில் சேலைப் படத்துக்குக் கீழேயே ஒரு சிறு பெட்டி இருக்கும். ஆறு இலக்கப் பின்கோடை அதில் இட்டால், பொருள் எந்த நாளில் வரும், கையில் கிடைத்தபின் காசு கொடுக்கலாமா என்பது உடனே தெரிந்துவிடும். 1972இல் கடிதங்களுக்காக வந்த எண் இன்று கடைக்காரருக்கு உழைக்கிறது. பணம் கட்ட 2016இல் வந்த யுபிஐ இருக்கிறது. இரகசிய எண்ணை அழுத்தினால் வேலை முடிந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். முறைப்பாடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். முன்பின் தெரியாத கடையை நம்பிக் காசு கட்ட இவை துணிவு தருகின்றன.

இலங்கையில் பல கடைகள் விலையையே போடுவதில்லை. ‘விலைக்கு இன்பாக்ஸ் பண்ணவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டால் வட்ஸ்அப்பில் பதில் வரும், பிறகு வங்கிக் கணக்கிலக்கம் வரும், காசு போட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அடுத்த கடைக்காரன் விலையைப் பார்த்துவிடுவான் என்ற பயம் இதற்கு ஒரு காரணம். அந்தப் பயத்துக்காக வாங்க வந்தவரை இழப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. பேஹியர் போன்ற உள்நாட்டுக் கட்டணச் சேவைகள் இருக்கின்றன. கொக்கோ, மின்ட்பே வழியாக மூன்று தவணையில் கட்டவும் முடிகிறது. விலையைப் போடாத தளத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை.

ஆனாலும் அந்த வட்ஸ்அப் உரையாடலை நான் குறைவாக மதிக்கமாட்டேன். சேலையின் உண்மையான நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்புவார்கள், சட்டைத் துணியின் அளவை விசாரிப்பார்கள், அடுத்த தீபாவளிக்குப் புதுச்சரக்கு வந்ததும் அதே உரையாடலில் சொல்வார்கள். வாங்கியவர் திரும்பி வருவது இதனால்தான். ஒரு பெரிய இந்தியத் தளத்தில் வாங்கியவருக்குப் பொதி எங்கே நிற்கிறது என்ற தகவல் தவறாமல் வரும், ஆனால் கடையில் யாரையும் தெரியாது. விலையும் கட்டணமும் தளத்துக்குப் போகட்டும். பேச்சு தொலைபேசியில் இருக்கட்டும்.

படங்களின் பாரம் இரு நாட்டுக்கும் பொதுவான குறை. பக்கத்தின் முக்கிய பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சுருக்காத சேலைப் படங்கள் வரிசையாக நிற்கும் பக்கம் அதை எட்டாது.

இலங்கைக் கடைக்கு முக்கியமான ஒரு தேவை உண்டு. காசு கட்டும் மகள் ரொறன்ரோவில், சேலை கிடைக்க வேண்டிய அம்மா சாவகச்சேரியில். அங்கே பிற்பகலாக இருக்கும்போது இங்கே நள்ளிரவு. இன்பாக்ஸில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கப்ருக இப்படி வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பொருள் அனுப்புவோரை நம்பி வளர்ந்த தளம். சிறு கடைகளோ இந்தியாவுக்கென்று செய்த வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அது மாநிலத்தைக் கேட்கும். ஆறு இலக்கம் கேட்கும். நம் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், யாழ்ப்பாணத்துக்கு 40000 என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. தொலைபேசிக்குப் பத்து இலக்கம் கேட்கும் படிவம், +94 போட்டு எழுதும் ஒன்பது இலக்கத்தை ஏற்காது. மகள் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவாள். கட்டுபவருக்கும் பெறுபவருக்கும் தனித்தனிப் பெயரும் தொலைபேசியும், ‘கோயிலடி, மதகுக்குப் பக்கத்து ஒழுங்கை’ என்று எழுத ஓர் இடமும் இருந்தால் போதும். பொதி கொண்டுவரும் பொடியன் எப்படியும் அம்மாவுக்குத்தான் அழைத்து வழி கேட்பான்.