தோளறிந்த துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானா மலைச் சரிவில், எழுபதைக் கடந்த அப்பாவும் மான் வேட்டைக்கு வருவதென்றால் முதலில் இளைக்க வேண்டியது அவருடைய துப்பாக்கி. தொலைநோக்கியோடு நாலு கிலோவைத் தொடும் பழைய ரைஃபிள், பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்க வைத்துவிடும்.

எடை குறைப்பது பெரிய வித்தையல்ல. 1952-இலேயே வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70-ஐ மெலிந்த குழலோடு ‘ஃபெதர்வெயிட்’ என்று இறக்கியது. பிறகு மரக்கட்டையின் இடத்துக்குக் கெவ்லாரும் கார்பன் இழையும் வந்தன.

சூட்சுமம் வேறிடத்தில். எடை குறையக் குறைய உதை கூடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தோட்டாவிலிருந்து தொடங்குகிறார்கள். 1980-இல் ரெமிங்டன் வெளியிட்ட 7எம்எம்-08 இதற்கென்றே வாய்த்தது போலிருக்கும்: ஒன்பது கிராம் குண்டு மானுக்குத் தாராளம், தோளுக்கும் இதம். தோட்டா குட்டை என்பதால் துப்பாக்கியின் உடலும் சுருங்கும்.

மிச்சமெல்லாம் தையற்காரர் வேலை. குளிருக்குப் போடும் தடித்த கோட்டையும் கணக்கில் வைத்துக் கட்டையை அரை அங்குலம் குறைக்கிறார்கள். பின்முனையில் மெத்தென்ற ரப்பர். மூட்டுவலி விரல்கள் பிடிக்க வாகாக, போல்ட் கைப்பிடியில் சற்றே பெரிய குமிழ். குழல் முனையில் பிரேக் மாட்டினால் உதை வெகுவாகக் குறையும். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். ஏற்கெனவே மந்தமான காதுகளுக்கு அது வேண்டாத செலவு.

அதற்காக ஒரேயடியாக இளைக்கவும் கூடாது. குழல் மிக லேசானால், மேல்மூச்சு வாங்கும் நேரத்தில் குறி நிலைக்காது. தொலைநோக்கியோடு மூன்று கிலோவை ஒட்டி நின்றால், சுமக்கவும் சுடவும் சரி.