‘எரிச்சல்’ என்னும் பொருந்தாச் சொல்

உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு விவசாயி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல மாதங்களாக அவருக்கு வயிற்றை முறுக்கி வலிக்கிறது. வெளிக்குப் போய் வந்தால் சற்றுத் தணிகிறது. ஒரு வாரம் பேதி. மறு வாரம் மலச்சிக்கல். சோதனைகளில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மருத்துவர் சீட்டில் ‘ஐ.பி.எஸ்.’ என்று எழுதுகிறார். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், ‘குடல் எரிச்சல் நோய்’ என்கிறார்கள்.

வாசகர்களே, இந்தப் பெயர் சரிதானா?

எரிச்சல் என்றதும் நமக்கு நெஞ்செரிச்சலும் கண்ணெரிச்சலுமே நினைவுக்கு வரும். விவசாயியும் குடல் வெந்து புண்ணாகிவிட்டது என்றே எண்ணுவார்; அமிலத்தைத் தணிக்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவார். ஆனால் இந்நோயில் குடலில் புண் கிடையாது. ஆங்கிலப் பெயர் குறிப்பது, சிறு தூண்டலுக்கும் பெரிதாகத் துலங்கும் தன்மையை. தூண்டல், துலங்கல் என்னும் சொற்களை நீங்கள் உயிரியல் பாடத்திலேயே படித்திருக்கிறீர்கள். 1973இல் இங்கிலாந்தில் ரிட்சி என்பவர் நோயாளிகளின் பெருங்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்களுக்கு வலி தராத அளவு விரிவே அவர்களில் பலருக்கு வலியைத் தந்தது. குடலுக்கென்றே நரம்பு வலை உண்டு. அது மூளையோடு இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்கிறது. அந்தப் பரிமாற்றம் மிகைப்படுவதே நோயின் அடிப்படை. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகும் சிலருக்கு இது தொடங்குகிறது. ஆகவே ‘கூருணர்வுக் குடல்’ என்பதே பொருத்தமான பெயர் என்போம். வலி பொய்யன்று, குடல் அழுகவும் இல்லை. இரண்டையும் இப்பெயர் உணர்த்தும்.

பெயரைப் போலவே நோயை அளக்கும் கோலும் ஆராயத்தக்கது. ஊர்ச்சபை உறுப்பினரின் தகுதிகளை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். மருத்துவத்திலும் அத்தகைய வரிசை உண்டு. 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறை, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு 1 நாளாவது வயிற்றுவலி இருக்கவேண்டும் என்கிறது. மலம் கழிப்பதோடு தொடர்பு, எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தவேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கவேண்டும். நல்ல வரையறைதான். ஆயினும் வாரத்துக்கு 3 தடவைக்குக் குறைந்தால்தான் மலச்சிக்கல் என்னும் மேலைநாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது. 2008இல் வெளியான இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் ஆய்வு, நாளுக்கு ஒரு தடவையாவது போவதே இந்தியரில் பெரும்பாலோரின் இயல்பு என்று காட்டியது. நூற்றுக்கு 4 பேரிடம் இந்நோயையும் கண்டது. தினமும் போயும், முக்கி முக்கி நிறைவில்லாமல் திரும்புகிறவரை மேலைக் கணக்கு விட்டுவிடும்.

பெயர் சரியானால் சிகிச்சையும் விளங்கும். இசப்கோல் உமி பலருக்கு உதவுகிறது. கோதுமைத் தவிடோ சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும். வெங்காயம், பூண்டு, பயறு, பால் ஆகியவை சிலருக்கு வாயுவைப் பெருக்கும். சோறு பெரும்பாலும் தொல்லை தராது. காரமும் சிலருக்கு வலியைத் தூண்டலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்காதீர்கள். சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் என்னும் மருந்து, குறைந்த அளவில் இதற்கும் பயன்படுவதை 2023இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதை மருத்துவர் தந்தால், ‘பைத்தியத்துக்கு மருந்து தந்துவிட்டார்’ என்று மனம் வருந்த வேண்டாம். அது நரம்பின் மிகையுணர்வைத் தணிக்கவே தரப்படுகிறது.

ஆனால் மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். குடல் காசநோயோ புற்றுநோயோ மறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கலைச்சொல் அகராதிக்கு மட்டும் உரியதன்று. தவறான சொல் ஒருவரைப் பல ஆண்டுகள் தவறான மருந்துக்கடையில் நிறுத்திவிடும். தமிழில் அறிவியல் எழுதப்போகும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.