வந்த வழி கேட்கும் மஞ்சு

ஆடி மாதம் முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகையில், ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி மேலே பாருங்கள். ஏலத்தோட்டங்களின் ஈரம் சுமந்த வெண்மஞ்சு மேற்கிலிருந்து மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் சரியும். இறங்க இறங்கக் காற்று சூடேறும். மஞ்சு மெலிந்து, இழையிழையாகப் பிரிந்து, போடிக்கு வந்து சேருமுன் கரைந்துவிடும்.

இந்தப் பேரழகை ஒரு கேமுக்குள் நொடிக்கு 60 பிரேம் குறையாமல் ஓடவிட வேண்டும். ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16 மில்லிநொடியும் சொச்சமும்தான். அதிலும் ஒளி, ஒலி, கதாபாத்திரம் என்று எல்லாரும் பங்கு கேட்பார்கள். மிஞ்சும் துளி நேரத்தில் காற்றை அசைக்கும் வழியை யோஸ் ஸ்டாம் 1999-இல் கணினி வரைகலைக்கான சிக்ராப் மாநாட்டில் தந்தார். 2003-இல் அதையே கேம் எழுதுபவர்களுக்கென்று சி மொழியில் நூறு வரி அளவுக்குச் சுருக்கினார்.

அதில் நான் மயங்கிக் கிடப்பது ஒரேயொரு திருப்பத்தில். மலைச்சரிவைச் சிறுசிறு கட்டங்களாக வகுத்துக்கொள்ளுங்கள். பழைய முறைகளில் ஒவ்வொரு கட்டமும் தன்னிடமுள்ள மஞ்சை முன்னோக்கித் தள்ளும். ஒரு கால அடியில், அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில், காற்று ஒரு கட்டத்துக்கு மேல் தாவினால் எண்கள் எகிறி, திரையே வெடித்துவிடும். அதற்கு அஞ்சிக் காலத்தைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டியிருந்தது. பிரேம் ரேட் படுத்துவிட்டது. ஸ்டாமின் கட்டமோ எதையும் தள்ளுவதில்லை. ‘இப்போது என்னிடம் நிற்கும் காற்று, ஒரு கணம் முன்பு எங்கே இருந்தது?’ என்று காற்றின் வழியே பின்னோக்கி நடக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தைச் சுற்றியுள்ள நான்கு கட்டங்களின் மதிப்பை, அருகாமைக்கேற்பக் கலந்து எடுத்துக்கொள்கிறது. நாலு பேர் உயரத்தின் சராசரி அவர்களில் நெட்டையனைத் தாண்டாதல்லவா? அவ்வளவுதான் சூட்சுமம். கால அடியை எவ்வளவு நீட்டினாலும் எண் எகிறாது. எத்தனை அடக்கமான கேள்வி, எத்தனை பெரிய விடுதலை!

கலக்கக் கலக்கச் சின்னச் சுழிகள் மழுங்கும் என்பது இதன் குறை. முகட்டு விளிம்பில் மஞ்சு சுருளும் அந்த நளினமே முதலில் போய்விடும். 2001-இல் ஃபெட்கிவ், ஸ்டாம், யென்சன் மூவரும் புகைக்காக எழுதிய கட்டுரையில் அதற்கு மருந்து உண்டு: சுழி எங்கே இருக்கிறதென்று பார்த்து அதே திசையில் மெல்ல ஒரு முறுக்கு. உப்பைப் போல அதை அளந்துதான் போட வேண்டும். கொஞ்சம் கூட்டினால் மஞ்சு கொதிக்கும்.

நேரம் தின்பது இன்னோரிடம். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வந்த காற்றும் வெளியே போன காற்றும் ஒத்துப்போக வேண்டும். அதற்காக அண்டைக் கட்டங்களின் அழுத்தத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சுற்றுகள், ஸ்டாமின் நூறு வரியில் 20. சுருள்கள் பிறப்பதும் இங்கேதான். அந்த எண்ணை 20-லிருந்து ஐந்தாக்கி ஓட்டிப் பாருங்கள்: பிரேம் ரேட் துள்ளும், மஞ்சு லேசாக உப்பி வற்றும். ஓரக்கண்ணில் படும் தூரத்து முகட்டுக்கு ஐந்தே போதும். முகத்துக்கு நேரே வரும் மஞ்சுக்கு மட்டும் இருபதையும் கொடுங்கள்.